கோணமலைக் கடலடியிற் கண்ட கோயில்

கடலை நாடி வருவோர் பலதிறத்தினர். வலை வீசி வயிறு வளர்ப்போர் ஒரு சாரார். மரக்கலமேறி வாணிகஞ் செய்வோர் ஒரு சாரார். படையுடன் வந்து துறைமுகத்தைக் கைப்பற்றுவோர் பிறிதொரு சாரார். இம்மூவகையாரையும் திருக்கோணமலை பன்னெடுங்காலமாக அறியும். இவர்களுக்குப் புறம்பாக நான்காவது வகுப்பார் ஒருவர் உளர். பொருளீட்டும் நோக்கமோ போர் செய்யும் நோக்கமோ இன்றி, கடலில் விளையாடி மகிழ்வதற்கென்றே தொலைதேயங்களிலிருந்து வருபவர்கள் அவர்கள். தெற்கே அறுகம் குடாவில் பலகையின்மேல் நின்று அலையேறிச் சறுக்குவோரும், வடக்கே நிலாவெளியிலும் உப்புவெளியிலும் முகத்திற் கண்ணாடி மாட்டிப் பவளப் பாறைகளையும் வண்ண மீன்களையும் பார்த்து மிதப்போரும் இவ்வகுப்பினரே. வரலாறு எழுதுவோர் இவர்களைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. விடுமுறையைக் கழிக்க வந்தவர், வெயிலிற் காய்ந்தார், நீரில் ஆடினார், திரும்பிப் போனார் என்பதற்கு மேல் அவர்களைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணத்திற்கு ஒரு விலக்கு உண்டு. அது நிகழ்ந்தது 1956ஆம் ஆண்டில். நிகழ்ந்த இடம் சுவாமிமலையின் அடிவாரக் கடல்.

திருக்கோணமலையின் அமைப்பைப் படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு அந்த இடத்தின் தோற்றத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். மேற்கே, மலைகள் சூழ்ந்த ஆழமான இயற்கைத் துறைமுகம் ஏரிபோல் அமைதியாக விரிந்து கிடக்கிறது. கிழக்கே திறந்த பெருங்கடல். இரண்டிற்கும் இடையே ஒடுங்கிய நிலத்திலே நகரம். அந்நகரத்திலிருந்து கடலை நோக்கி நீண்ட கைபோல் ஒரு மேட்டு நிலம் ஓடுகிறது. அது ஓடி முடியும் இடத்திலே பாறை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. உச்சிக்கும் நீர்மட்டத்திற்கும் இடையே 350 அடிக்குக் குறையாத உயரம் இருக்கும் என்பர். பாறையின் பிளவொன்றை இராவணன் வெட்டு என்று காட்டுவது வழக்கம். அதன் அருகே எட்டிப் பார்ப்பவர்க்கு, கீழே நீலமும் பச்சையுமாகக் கடல் சுழித்துப் பாறையில் மோதுவது தெரியும். அம்மலையே கோணமலை, அதில் எழுந்தருளியவர் கோணேசர், அம்மை மாதுமையாள்.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடியுள்ளார். அக்காலத்திலேயே கடல் கடந்து தமிழகம்வரை புகழ் பரவிய கோயிலாக இது இருந்தது என்பதற்கு அப்பதிகத்தினும் வலிய சான்று வேண்டியதில்லை. குளக்கோட்டன் திருப்பணி செய்தான் என்பது மரபு. சோழர் ஆட்சிக் காலத்தின் சிறப்பை அறிய நிலாவெளியிற் கிடைத்த கல்வெட்டொன்று உதவுகிறது. கோணமலையிலுள்ள மச்சகேச்சரமுடைய மகாதேவர்க்கு 250 வேலி நிலம் அளிக்கப்பட்டதை அது கூறும். ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவானது என்று கொண்டாலும், ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலம்! ஒரு கோயிலுக்கு ஒரே கொடையில் இவ்வளவு நிலம் விடப்பட்டது என்றால், அதன் பூசையும் பணியாளர் தொகையும் எத்துணைப் பெரியனவாக இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பாண்டியருடைய இணைக்கயல் இலச்சினையும் இங்கே உண்டு. அது இன்று காணப்படுவது கோயிலில் அன்று, கோட்டை வாயிலிலே. கோயிற் கல் கோட்டை வாயிலுக்கு எவ்வாறு போயிற்று என்பதே அடுத்த கதை.

போத்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, துறைமுகத்தைக் காக்கும் கோட்டை ஒன்றைக் கட்ட விரும்பினான். கோட்டைக்கு ஏற்ற இடம் மலை. மலைமேல் இருந்ததோ கோயில். இடமும் கிடைக்கும், கல்லும் கிடைக்கும் என்று கண்டவன் தயங்கவில்லை. கோயில் இடிக்கப்பட்டது 1622ஆம் ஆண்டிலே, சித்திரைப் புத்தாண்டு நாளிலே என்பது ஊர்மரபு. சுவாமி வீதியுலாவாக நகருக்கு எழுந்தருளியிருந்த வேளையில், பூசகர்போல் வேடமிட்ட படைவீரர் உட்புகுந்தனர் என்று அம்மரபு மேலும் கூறும். 1624ஆம் ஆண்டு என்று குறிக்கும் நூல்களும் உண்டு. ஆண்டைப்பற்றிய வேறுபாடு எவ்வாறாயினும், செயலைப்பற்றி ஐயமில்லை. இடித்தவரே அதற்குச் சான்று விட்டுச் சென்றனர். கோயிலின் வரைபடமொன்று போத்துக்கலுக்கு அனுப்பப்பட்டு, லிஸ்பனிலுள்ள அஜூதா நூலகத்தில் இருக்கிறது. போத்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ், மலையுச்சியில் ஒன்றும் நடுவில் ஒன்றும் அடியில் ஒன்றுமாக மூன்று கோயில்கள் இருந்தன என்று தமது நூலிற் குறித்துள்ளார். அழிப்பதற்கு முன்பு படம் வரைந்து வைத்துக்கொள்ளும் மனநிலை விந்தையானது. ஆயினும் அந்த விந்தைக்கு வரலாறு கடன்பட்டிருக்கிறது.

கோயிலின் கல்லிற் பெரும்பகுதி கோட்டைச் சுவராயிற்று. அடியார் சிலர் திருவுருவங்களை எடுத்துச்சென்று மறைத்தனர். தம்பலகாமத்தில் ஆதி கோணநாயகர் கோயில் எழுந்தது அதன் தொடர்ச்சி. எஞ்சியவை மலையுச்சியிலிருந்து கடலில் தள்ளப்பட்டன.

கோட்டை பின்னர்ப் பல கை மாறியது. 1639ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். 1782ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஆங்கிலேயர் கைப்பற்ற, அவ்வாண்டிலேயே பிரெஞ்சுக் கடற்படைத் தலைவன் சுப்ரேன் அவர்களை வெளியேற்றினான். 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்து நிலைத்தனர். 1803ஆம் ஆண்டு முதல் அது பிரெட்றிக் கோட்டை எனப் பெயர் பெற்றது. இவ்வளவு மாற்றங்களுக்கும் இடையே மாறாத ஒன்று இருந்தது. கோயில் இல்லாத மலையில் வழிபாடு நின்றுவிடவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ற், 1859இல் வெளியிட்ட தமது நூலில் இவ்வழிபாட்டை வருணித்துள்ளார். அந்தி வேளையிலே மக்கள் மலையுச்சியிற் கூடுவர். பூசகர் பாறையின் விளிம்பிற்குச் சென்று, மலரையும் பிற நிவேதனங்களையும் கீழே கடலில் இடுவார். தெய்வம் கருவறையில் இல்லை; கடலில் இருக்கிறது; ஆகவே பூசை கடலுக்கு. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள், தாத்தாவும் தந்தையும் மகனும் பேரனுமாக, ஒரு நகரத்து மக்கள் அந்த ஓரிடத்தையே நோக்கி மலர் சொரிந்து வந்திருக்கிறார்கள். வரப்போகும் செய்தியை மதிப்பிடும்போது நேயர்கள் இதனை மறத்தலாகாது.

வெள்ளையர்க்கு அம்மலை வேறொரு கதையாற் பெயர் பெற்றிருந்தது. உச்சியிலே நின்ற பழைய தூணொன்றில் 1687ஆம் ஆண்டைக் குறிக்கும் ஒல்லாந்த எழுத்துக்கள் உள்ளன. காதலனாற் கைவிடப்பட்ட ஒல்லாந்த நங்கை ஒருத்தி அங்கிருந்து குதித்தாள் என்பது அத்தூணைச் சுற்றி வளர்ந்த கதை. காதலர் பாய்ச்சல் என்று அவ்விடத்தைக் குறித்தனர். பயணம் வந்தோர் பலர் அக்கதையைக் கேட்டு நெஞ்சுருகித் திரும்பினார்கள். அந்தத் தூண் எந்தக் கட்டடத்தைத் தாங்கிற்று என்று கேட்டவர் சிலரே.

1950ஆம் ஆண்டில் நிலம் வாய்திறந்தது. நகரசபையார் கிணறு தோண்டுவித்தபோது, மண்ணுள் மறைத்து வைக்கப்பட்டிருந்த திருவுருவங்கள் வெளிப்பட்டன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, விநாயகர் ஆகிய செப்புத் திருமேனிகள் அக்காலத்திற் கிடைத்தவை. சோழர் காலச் சிற்ப மரபின் அழகு அவற்றிலே பொலிகிறது. மருத்துவர் பாலேந்திரா இவற்றை ஆராய்ந்து 1953இல் எழுதிய கட்டுரை, அறிஞருலகிற்கு இச்செய்தியைக் கொண்டுசென்றது. கோயிலைப் புதுக்கிக் கட்டவேண்டும் என்னும் எழுச்சி மக்களிடையே வலுப்பெற்றது. நிலத்திலிருந்து கிடைக்கவேண்டியது கிடைத்துவிட்டது. கடல் மட்டும் வாய்திறவாது இருந்தது.

இந்நிலையிலேதான் விளையாட வந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

ஆர்தர் சி. கிளார்க் என்னும் ஆங்கிலேயர் 1917இற் பிறந்தவர். பூமியைச் சுற்றி, பூமியின் சுழற்சியோடு ஒத்து நிற்கும் செய்மதிகளின் வழியாக வானொலிச் செய்திகளை உலகெங்கும் அனுப்பலாம் என்று 1945ஆம் ஆண்டிலேயே கட்டுரை எழுதியவர். இன்று ஒலியும் ஒளியும் கண்டம் விட்டுக் கண்டம் பாய்வது அக்கருத்தின் விளைவு. விண்வெளிக் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற அவர்க்குக் கடலின்மேல் வந்த மோகத்திற்கு ஒரு காரணம் உண்டு. நீருக்கடியில் மனிதன் தன் எடையை உணர்வதில்லை. விண்வெளியிற் செல்பவனுக்கும் அதே நிலை. விண்ணுக்குச் செல்ல வழியில்லாத காலத்தில், அந்த அனுபவத்தை அவர் கடலிலே தேடினார். அவருடைய நண்பர் மைக் வில்சன் வயதில் இளையவர். நீருக்கடியிற் படம்பிடிப்பதில் வல்லவர். இருவரும் அவுஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டைப் பார்க்கும் நோக்கத்துடன் இருந்த காலம். 1954 டிசம்பரில், அங்கே கப்பலிற் செல்லும் வழியில், கிளார்க் கொழும்பில் இறங்கினார். தெகிவளை மிருகக்காட்சிச்சாலையிற் பணியாற்றியவரும் இலங்கைச் சுழியோடிகளில் முன்னோடியுமான றொட்னி ஜொங்கிளாஸ் அப்போது அறிமுகமானார். சில மணிநேரத் தங்கலாக இருந்த அது பின்னர் வாழ்நாள் உறவாயிற்று. 1956இல் கிளார்க்கும் வில்சனும் இலங்கைக் கடல்களைக் கண்டு களிக்கவும் அதைப்பற்றி நூலெழுதவும் திரும்பி வந்தனர். அந்தச் சுற்றுப்பயணத்தில் அவர்கள் அடைந்த துறைகளுள் ஒன்று திருக்கோணமலை.

அவர்களிடம் இருந்த கருவியைப்பற்றி ஒரு வார்த்தை. கடலுள் மூழ்குதல் நம்மவர்க்குப் புதிதன்று. மன்னார்க் கடலில் முத்துக் குளித்தோரும் சங்கு குளித்தோரும் காலிற் கல்லைக் கட்டிக்கொண்டு கயிற்றின் வழியே இறங்கி, மூச்சை அடக்கித் தொழில் செய்தனர். திருக்கோணமலைக்கு அணித்தான தம்பலகாமக் குடாவிலும் சிறுமுத்துச் சிப்பி எடுக்கும் தொழில் நடந்ததுண்டு. ஆனால் மூச்சை அடக்கி இறங்குபவனுக்கு அடியிற் கிடைக்கும் நேரம் மிகச் சிறிது. சிப்பியை வாரிக் கூடையில் இடுவதற்கு அது போதும். சுற்றிலும் நோக்கி, இது இயற்கைப் பாறையா, உளிபட்ட கல்லா என்று ஆராய்வதற்குப் போதாது. 1943இல் பிரான்சு நாட்டில் கூஸ்ரோ, கஞ்ஞான் என்னும் இருவர் அமைத்த நீர்மூச்சுக் கருவி அக்குறையை நீக்கிற்று. அமுக்கிய காற்றை உருளையில் அடைத்து முதுகிலே சுமந்து செல்பவன், இழுக்கும் மூச்சின் அளவுக்கேற்பக் காற்றைப் பெறுகிறான். பல நிமிடங்கள் நீருள் நின்று, மீனைப்போல் உலாவி, கண்டதைத் திரும்பத் திரும்பப் பார்க்கவும் படமெடுக்கவும் அவனால் இயலும். போர்க்காலத்திற் பிறந்த இக்கருவி, அமைதிக்காலத்தில் விளையாட்டுக் கருவியாக உலகெங்கும் பரவியது. இலங்கைக்கு அது வந்ததும் அந்த வகையிலேதான்.

காலமும் துணைபுரிய வேண்டும். கீழ்க்கரைக் கடலுக்கு இரு முகங்கள் உண்டு. வாடைக்காற்று வீசும் மாரிக் காலத்தில் அலை மலைபோல் எழுந்து சுவாமிமலையில் மோதிச் சிதறும். நீர் கலங்கிக் கையை நீட்டினால் விரல் தெரியாது. சித்திரை, வைகாசிக்குப் பின், தென்மேற்கிலிருந்து சோழகம் வீசும் காலத்தில் தீவின் மறுகரை கொந்தளிக்க, கீழ்க்கரை அடங்கித் தெளியும். அத்தகைய தெளிந்த காலத்திலே சுவாமிமலையின் அடியில் இறங்கிய வில்சனும் கிளார்க்கும் கண்டவை மீன்கள் மட்டுமல்ல. பாசியும் சிப்பியும் படர்ந்த கற்கள் அங்கே கிடந்தன. அவற்றுட் சில இயற்கைக்கு மாறாக நேர்கோடுகள் கொண்டிருந்தன. பூ வேலைப்பாடுள்ள தூண்கள், கட்டடக் கற்கள், திருவுருவங்களின் பகுதிகள், யானைத்தலை வடிவிற் செதுக்கிய கற்கள் என அவை விரிந்து கிடந்தன. வில்சன் அங்கிருந்து மேலே கொண்டுவந்த பொருள்களுள் ஒரு சிவலிங்கமும் இருந்தது. அது சுயம்பு இலிங்கம் என்று போற்றப்பெற்றுக் கோயிலைச் சேர்ந்தது. கிளார்க் இந்த அனுபவங்களை எழுதி 1957இல் வெளியிட்ட நூலுக்கு, கிரேக்கர் இலங்கைக்கு வழங்கிய தப்ரபேன் என்ற பெயரையே தலைப்பிற் சேர்த்திருந்தார். உலகின் பல பகுதிகளிலும் அந்நூலைப் படித்தவர்கள் கோணேசர் பெயரை முதன்முறை அறிந்தது அதன் வாயிலாகவே.

இக்காட்சியைப் பொருள்கொள்ளும் முறையில் இரண்டு பிழைகள் பரவியுள்ளன. அவற்றைத் திருத்துதல் நன்று.

கடலில் மூழ்கிய கோயில் என்று பலர் எழுதுகிறார்கள். மூழ்கிய என்னும் சொல் கேட்பவர் உள்ளத்திற் கடல்கோளையும் கபாடபுரத்தையும் எழுப்பிவிடுகிறது. நிலம் தாழ்ந்து, கடல் ஏறி, கோயில் அப்படியே நீருள் அமிழ்ந்தது போன்ற தோற்றம் உண்டாகிறது. மலையோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. உச்சியிற் கோயில் இருந்தது என்பதற்குப் போத்துக்கேயர் எழுத்துச் சான்றே உண்டு. செங்குத்துப் பாறையின் அடியில், கட்டட ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும் தூணும் உருவமும் மேலிருந்து விழுந்தவை என்று கொள்வதே பொருந்தும். இது கடல் கொண்ட கோயில் அன்று. கையால் தள்ளப்பட்ட கோயில். கடலின்மேற் பழி போடும் சொல், மனிதர் செய்த செயலை மறைத்துவிடுகிறது. இயற்கை அழித்தது என்றால் யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை அன்றோ!

இரண்டாவது பிழை பற்றினால் விளைவது. கடலடியிற் கண்ட தூண்கள் கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று சில நூல்களிற் காணப்படுகிறது. தலத்தின் தொன்மை வேறு, கல்லின் தொன்மை வேறு. தமிழ்நாட்டில் மரமும் செங்கல்லும் சுண்ணமும் விட்டுக் கல்லையே கொண்டு கோயில் அமைக்கும் வழக்கம், ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக் கோயில்களோடு தொடங்குகிறது. கல்லை அடுக்கிக் கட்டிய கற்றளிகள் அதற்கும் பின்னே பெருகின. ஆகவே பூவேலைத் தூணைக் கண்டு, அதனை ஆயிரம் ஆண்டு முன்னே தள்ளுதல் கோணேசர்க்குப் பெருமை சேர்ப்பதாகாது. சம்பந்தர் பாடினார், சோழர் காலத்தில் 250 வேலி நிலம் கிடைத்தது, பாண்டியன் கயல் பொறித்தான் என்பவை மறுக்கவொண்ணாத பெருமைகள். உண்மையான முதுசொம் கையில் இருக்கும்போது இல்லாத சொத்தைக் கணக்கிற் காட்டுவானேன்?

இனி, கண்டுபிடித்தார் என்ற சொல்லைப்பற்றியும் எண்ணிப் பார்க்கலாம். 1956இல் வில்சனும் கிளார்க்கும் கோணேசர் கோயிலின் எச்சங்களைக் கண்டுபிடித்தனர் என்று எங்கும் எழுதப்படுகிறது. தெரியாத ஒன்றை அறிதலே கண்டுபிடித்தல். கடலுக்குள் கோயில் கிடக்கிறது என்பது திருக்கோணமலை மக்களுக்குத் தெரியாத ஒன்றா? நாள்தோறும் அவ்விடத்தை நோக்கியே அவர்கள் பூவிட்டார்கள். எந்த இடத்திலே கோயில் கிடக்கிறதோ அந்த இடத்திற்கு அடையாளக் கல் நாட்டியது போன்றது அந்த வழிபாடு. ஆனால் அந்த அறிவு நம்பிக்கையாக இருந்தது. நம்பாதவர்க்குக் காட்டச் சான்று இருக்கவில்லை. பழங்கதை என்று ஒதுக்கியவர்கள் வாயடைக்க, படமும் கல்லும் தேவையாயின. அவற்றைக் கொண்டுவந்து வைத்தவர்கள் அவ்விருவரும் ஆவர். கண்டுபிடித்தார் என்பதினும் கண்டு உறுதிசெய்தார் என்பதே அவர்கள் செயலுக்கு ஏற்ற சொல். அதனால் அவர்கள் புகழ் குறைந்துவிடாது. மீன் பார்க்க இறங்கிய ஒருவன், காலடியிற் கிடந்த கல்லை வெறுங் கல் என்று கடந்து போகாமல் நின்று பார்த்தானே, அந்தப் பார்வைக்கு உரிய மதிப்பை மறுத்தல் தகாது. துறைமுகத்திலே நூறாண்டுகளுக்கு மேல் ஆங்கிலக் கடற்படை இருந்தது. எத்தனை கப்பல்கள் அந்த மலையடியைக் கடந்து போயிருக்கும்! அத்தனை காலமும் கிட்டாத காட்சி, விடுமுறைப் பயணிகள்போல் வந்த இருவருக்குக் கிட்டியது.

அடுத்த சில ஆண்டுகளிற் பல மாறுதல்கள் விரைந்து நிகழ்ந்தன. 1957 அக்டோபரில் ஆங்கிலக் கடற்படைத் தளம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1963ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள், புதுக்கிக் கட்டிய கோணேசர் கோயிலுக்குக் குடமுழுக்கு நடைபெற்றது. 1950இற் கிணற்றடியிற் கிடைத்த திருமேனிகள் ஊர்வலமாக எழுந்தருளி அங்கே இடம்பெற்றன. இடிபட்டு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்த பின், மலையுச்சியில் மீண்டும் மணி ஒலித்தது. கோட்டை வாயிலைக் கடந்து, அதற்குள்ளே மேயும் புள்ளிமான்களையும் கடந்து அடியார்கள் மேலேறும் காட்சி இன்றும் காணத்தக்கது. வாயிலிலுள்ள கயல் பொறித்த கல்லை மட்டும் யாரும் பெயர்த்துக் கோயிலுக்குக் கொண்டுபோகவில்லை. அது கோட்டைச் சுவரிலேயே இருப்பது ஒருவகையில் நல்லதே. கோட்டையின் கதையைக் கோட்டையே சொல்லட்டும்.

வில்சன் கடலை விடவில்லை. 1961இல், தென்கீழ்க் கடலிலே சிங்கள மக்கள் மகா இராவணன் கோட்டை என்று வழங்கும் பாறைத்திட்டின் அருகே, உடைந்த மரக்கலமொன்றின் எச்சங்களையும், சூரத்தில் அச்சிட்ட மொகலாயர் வெள்ளி நாணயங்களையும் கண்டார். அவை ஒளரங்கசீப் காலத்தவை. 1702ஆம் ஆண்டை ஒட்டியவை. அதைப்பற்றியும் கிளார்க் 1964இல் ஒரு நூல் வெளியிட்டார். 1962இல் வில்சன் இயக்கி வெளிவந்த ரன் முத்து தூவ, முதலாவது சிங்கள வண்ணத் திரைப்படம் என்ற சிறப்பை உடையது. கடலடிக் காட்சிகளாற் பெயர்பெற்றது. கோணமலையில் இராவணன் வெட்டு. அங்கே இராவணன் கோட்டை. தீவின் இரு முனைகளிலும் இந்த ஆங்கிலேயர் இராவணன் பெயரையே சுற்றிச் சுற்றி வந்தது ஒரு வேடிக்கை.

இந்த வரலாற்றிற்கு மறுபக்கமும் உண்டு. கடலில் விளையாட வருபவர் எல்லாரும் கண்டதைக் கோயிலிற் சேர்ப்பவர் அல்லர். நீர்மூச்சுக் கருவி எளிதிற் கிடைக்கும் பொருளான பின்பு, முன்பு ஆழமே காவலாக இருந்த இடங்கள் காவலற்றுப் போயின. பையில் அடங்கும் சிறு சிற்பத்துண்டு ஒன்றை நினைவுப் பொருளாக எடுத்துச் செல்பவனுக்கு அது ஒரு துண்டுக் கல். கோயிலின் அமைப்பை அறிய முயலும் ஆராய்ச்சியாளனுக்கோ அது எந்த இடத்தில், எந்தக் கல்லின் அருகே, எந்தப் பக்கம் கவிழ்ந்து கிடந்தது என்பதே செய்தி. இடம் பெயர்ந்த கல் பாதி ஊமை. இலங்கையின் தொல்பொருட் சட்டம் 1940ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்ட பொருள்களை அது தொல்பொருள் என வகுக்கிறது. 1620களிலே கடலில் விழுந்த கற்கள் அதன் எல்லைக்குள் அடங்குவன என்பதில் ஐயமில்லை. ஆனால் சட்டப் புத்தகம் அலைக்கடியிற் சென்று காவல் நிற்பதில்லை.

1983 முதல் 2009 வரை நீண்ட போர்க்காலத்தில், கீழ்க்கரைக்கு விளையாட வருவோர் அருகினர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அக்கரையை வாரி அடித்தது. போர் ஓய்ந்த பின்பு நிலாவெளி, உப்புவெளி மணற்பரப்புகளில் மீண்டும் பலநாட்டு மக்கள் கூடுகிறார்கள். 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவின் பவளப் பாறைகளைக் காண வள்ளங்கள் ஓடுகின்றன. ஆழ்கடலிலே திமிங்கிலம் பார்க்கச் செல்வாரும் உளர். சுவாமிமலை அடிவாரத்தில் இறங்கும் சுழியோடிகள், மலையுச்சியிற் பூசை மணி ஒலிக்கும் வேளையில், அதன் பழைய கற்களின் மேலாக மிதந்து செல்கிறார்கள்.

கிளார்க் இலங்கையையே தம் வீடாக்கிக்கொண்டார். உடல் தளர்ந்து நடக்க இயலாத முதுமையிலும் கடலின்மேல் அவர் கொண்ட பற்று மாறவில்லை. 2008ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் கொழும்பிற் காலமானார். மைக் வில்சன் சென்ற வழி வேறு. கோணேசர் கடலினின்றும் இலிங்கத்தைத் தூக்கிவந்த அந்த ஆங்கிலேயர், பின்னாளிற் படப்பெட்டியையும் திரைப்படத் தொழிலையும் துறந்து காவி உடுத்தார். சுவாமி சிவ கல்கி என்னும் பெயருடன் வாழ்ந்து 1995இல் மறைந்தார்.